படகுத்துறைக் கொட்டகை மாதிரி: தோன்றும் பிழைகளும் நீக்கும் வழிகளும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ராக்போர்ட் என்னும் சிறு துறைமுக ஊரில், பிராட்லி வார்ஃப் என்ற கல்கட்டுத் துறையின் மேல் சிவப்பு நிற மீன்பிடிக் கொட்டகை ஒன்று நிற்கிறது. ஓவியம் பயில வந்தவர்களெல்லாம் அதையே திரும்பத் திரும்ப வரைந்ததால் அதற்கு ‘மோட்டிஃப் நம்பர் 1’, அதாவது முதலாம் ஓவியக்கரு, என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1840களில் கட்டப்பட்ட அந்தக் கொட்டகை 1978 பிப்ரவரியில் வீசிய பெரும் பனிப்புயலில் இடிந்து போனது. அதே ஆண்டிலேயே பழைய உருவத்தில் மீண்டும் எழுப்பிவிட்டார்கள். இதற்கு மாதிரி செய்யும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 1933ஆம் ஆண்டிலேயே அவ்வூர் மக்கள் இதன் மாதிரியை அலங்கார ஊர்தியாகச் செய்து, சிகாகோவில் நடந்த ஊர்வலத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கி வந்தார்கள்.

இந்தச் சாயலில் அமைந்த துறைமுகக் கொட்டகைகள் எச்ஓ அளவில், அதாவது 1:87 விகிதத்தில், லேசரால் வெட்டிய பாஸ்வுட் மரப் பலகைகளும் வார்ப்புத் துண்டுகளும் அடங்கிய கிட்டுகளாகக் கிடைக்கின்றன. நான் இதுவரை மூன்று கட்டியிருக்கிறேன். முதலாவது பரணில் இருக்கிறது. கீழே எழுதியிருப்பவற்றில் பாதிக்குமேல் அது கற்றுக்கொடுத்தவை. தொடங்கும் முன் ஒரு கணக்கை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: இந்த அளவில் 3.5 மில்லிமீட்டர் என்பது ஓர் அடி. பல பிழைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதுதான் பிழையென்றே தெரியவரும். மேலும், பிழை கண்ணில் படும் இடம் ஒன்றாகவும் அது பிறந்த இடம் அதற்கு இரண்டு படி முன்னதாகவும் இருப்பதே வழக்கம் என்பதால், கண்ட இடத்தில் பட்டி பூசி மறைக்காமல் முந்தைய வேலைக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

அறிகுறி: வண்ணம் பூசிய மறுநாள் சுவர்ப் பலகை வில்லாக வளைந்திருக்கிறது

இது அனைவருக்கும் வரும் முதல் அதிர்ச்சி. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத மரப்பலகையின் ஒரு முகத்தில் மட்டும் நீர் கலந்த அக்ரிலிக் வண்ணத்தைப் பூசினால், அந்த முகம் முதலில் நீரைக் குடித்து விரிகிறது. பிறகு காயும்போது வண்ணப் படலம் சுருங்கி, பலகையைத் தன் பக்கமாக இழுத்து வளைக்கிறது. கையால் எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்த முயன்றால், ஜன்னல் துளைக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள மெல்லிய பகுதியில் பலகை ‘டக்’கென்று முறியும்.

வண்ணமே பூசாத பின்முகத்தில் அதே வண்ணத்தை அதே அளவுக்குப் பூசி, ஈரம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், எண்ணெய்த்தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, தட்டையான கண்ணாடியின் மேல் கிடத்தி, கனமான அகராதி எதையாவது ஏற்றி ஓர் இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். இரு முகமும் ஒரே அளவில் இழுக்கும்போது பலகை தானாக நடுநிலைக்கு வந்துவிடும். மறுநாள் அது நிமிர்ந்திருக்கும்போதே பின்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் சதுரக் குச்சிகளைத் தாங்கு சட்டமாக ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மீண்டும் வளையும். சட்டத்தைச் சுவரின் விளிம்புவரை கொண்டுபோகாமல், அடுத்த சுவர் வந்து உட்காரும் தடிமனுக்கு இடம் விட்டு ஒட்டுவது முக்கியம்.

புதிதாகத் தொடங்குவோர் முதலில் சட்டத்தை ஒட்டி, பிறகு வண்ணம் பூசினால் இந்த வேலையே வராது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கட்டுவோருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: கிட் பெட்டியைத் திறந்ததும் வேலையைத் தொடங்காமல், பலகைகளை அறையின் காற்றிலேயே இரண்டு மூன்று நாள் படுக்கையாக வைத்துப் பழக்கிவிடுவது நல்லது.

அறிகுறி: சுவர்களை ஒட்டியபின் மூலையில் கீற்றாக வெளிச்சம் தெரிகிறது, கூரை உட்கார மறுக்கிறது

இவை இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். லேசர் வெட்டு நேர் செங்குத்தாக இறங்குவதில்லை. மேலே சற்று அகன்றும் கீழே சற்று ஒடுங்கியும் இறங்கும். அதனால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சாய்வும், பசையை மரத்துக்குள் இறங்கவிடாத கரிப்படலமும் இருக்கும். நடுத்தர உப்புத்தாளை ஒரு சதுரக் கட்டையில் சுற்றி, விளிம்பைக் கரி போகும் மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஒட்டினால் கீற்று வராது. மூன்றாவது இழுப்பு அளவைத் தின்றுவிடும்.

ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால், முதலில் அடிப்பகுதியின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டி சரியாக இருக்கிறது, கீற்று மட்டுமே குறை. உள்பக்கம் கறுப்புக் காகிதப் பட்டையை ஒட்டி வெளிச்சத்தை மறைத்து, வெளிப்பக்கம் மூலைச்சட்டக் குச்சி ஒன்றை ஒட்டினால் போதும். அசல் கட்டடங்களிலும் அங்கே மூலைப்பலகை உண்டு. மூலைவிட்டங்கள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் பெட்டி கோணிவிட்டது. அதைப் பிரித்தே ஆக வேண்டும். வெள்ளைப் பசை என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் மூட்டில் விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் பசை ரப்பர்போல் இளகும். மெல்லிய கத்தியைச் செருகிப் பிரிக்கலாம். உடனடிப் பசை (சூப்பர் க்ளூ) என்றால் அசிட்டோன் தேவைப்படும். அது அருகிலுள்ள பிளாஸ்டிக் ஜன்னல்களைக் கரைத்துவிடும் என்பதால் அவற்றை முன்பே கழற்றியிருக்க வேண்டும். மீண்டும் ஒட்டும்போது மூலைமட்டத்தை உள்ளே நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு மூலை என்று ஒட்ட வேண்டும். நான்கு மூலையையும் ஒரே மூச்சில் ஒட்டிய என் முதல் கொட்டகையில் கூரையின் முகடு ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கி நின்றது. அசல் அளவில் அது அரை அடிக்கும் மேல்.

அறிகுறி: மரச்சாயம் சில திட்டுகளில் மட்டும் பிடிக்கவில்லை

பசை பட்ட இடத்தில் சாயம் இறங்காது. ஈரத்துணியால் துடைத்த பசையும் மர இழைக்குள் இறங்கியிருக்கும். பலகைகளுக்கு ஒட்டும் முன்பே சாயம் ஏற்றுவதுதான் வழி. அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒன்றிரண்டு தேக்கரண்டி இந்திய மை என்னும் கறுப்பு மை கலந்தால் பழம்பலகையின் சாம்பல் நிறம் கிடைக்கும். திட்டு விழுந்துவிட்டால் கத்தி முனையால் இழை நெடுக மெல்லச் சுரண்டிவிட்டு, சாம்பல் நிற சாக் பேஸ்டல் தூளைத் தேய்த்துப் பொருத்திக்கொள்ளலாம்.

அறிகுறி: ஜன்னல் கண்ணாடியில் பனி படர்ந்ததுபோல் வெள்ளை மங்கல்

உடனடிப் பசையின் ஆவி வெளியேற வழியில்லாமல் கட்டடத்துக்குள் தங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடித்தாளில் வெண்பொடியாகப் படிகிறது. துடைத்தால் கீறல் விழும். தெளிவான பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷை மிக மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுத்தால் பெரும்பாலான மங்கல் மறைந்துவிடும். மறையாவிட்டால் வருந்த வேண்டாம். உப்புக்காற்றில் பல ஆண்டு நின்ற மீனவர் கொட்டகையின் ஜன்னல் தெளிவாக இருந்தால்தான் அது நம்பும்படியாக இராது. அடுத்த முறை ஜன்னல்களுக்கு வெள்ளைப் பசையையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: எல்லாம் முடிந்து மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் அடித்ததும் முழுக் கட்டடமும் வெளுத்துவிட்டது

காரணம் இரண்டு. ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்பிரே அடித்தால், கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. இன்னொன்று, மேட் வார்னிஷ் அடித்த பரப்பின் மேல் ஆல்கஹால் கலந்த மை நீரைப் பூசுவது. காய்ந்ததும் உப்புப் பூத்ததுபோல் வெள்ளை தோன்றும். இரண்டுக்கும் பெரும்பாலும் அதே வார்னிஷே மருந்து: வெயில் காய்ந்த நாளின் நண்பகலில், நிழலில் வைத்து, அதே ஸ்பிரேயை மெல்லிதாக மறுபடி அடித்தால் வெண்மை கரைந்து நிறம் திரும்பும். இரண்டாம் வகை வெண்மையைச் சிலர் வேண்டுமென்றே உண்டாக்கி, உப்பேறிய மரத்தின் தோற்றத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். துறைமுகக் கட்டடத்துக்கு அது பொருந்தவே செய்கிறது.

அறிகுறி: சிவப்பு வண்ணம் பொம்மைபோல் பளிச்சிடுகிறது, உதிர்ந்த வண்ணம் தாள் கிழித்ததுபோல் இருக்கிறது

சிறிய பரப்பில் அடர்ந்த நிறம் அசலைவிட அடர்த்தியாகத் தோன்றும். டப்பாவிலிருந்து எடுத்த சிவப்பில் வெளிர்சாம்பலோ மணல் நிறமோ பத்தில் ஒரு பங்கு கலந்தாலே கண் சமாதானமாகிறது. வெறும் வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பாகிப் போகும்.

உதிரும் வண்ணத்துக்கு, சாயம் ஏற்றிக் காய்ந்த மரத்தின் மேல் அக்ரிலிக் சிவப்பை மெல்லியதாகப் பூசி, தொட்டால் ஒட்டாத பதத்தில் மாஸ்கிங் டேப்பை ஒற்றிச் சட்டென இழுப்பதே நான் கையாளும் முறை. பெயர்ந்த துண்டுகள் பெரிதாக இருந்தால் காத்திருந்த நேரம் குறைவு அல்லது டேப்பின் ஒட்டும் வலு அதிகம். டேப்பை முதலில் உங்கள் சட்டையில் இரண்டு முறை ஒற்றி எடுத்தால் வலு குறையும். எதுவுமே பெயராவிட்டால் வண்ணம் முற்றிலும் காய்ந்துவிட்டது என்று பொருள். இங்கே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர் உதிர்வு என்பது அசல் சுவரில் 87 மில்லிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலம். அதற்கு மேற்பட்ட உதிர்வுகள் மிகச் சிலவே இருக்க வேண்டும். அவையும் கூரைத் தண்ணீர் தெறிக்கும் அடிப்பலகைகளிலும் வெயில் படும் பக்கத்திலும் இருக்க வேண்டும். டேப்பை மர இழை ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால்தான் கிழிந்த தாளின் தோற்றம் வருகிறது.

அறிகுறி: துறைமேடை ஆடுகிறது, சில தூண்கள் தரையைத் தொடாமல் தொங்குகின்றன

கிட்டுகளில் தரும் தூண் குச்சிகள் ஒரே நீளத்தில் வெட்டப்பட்டிருக்கும்; ஆனால் மேடையின் அடிச்சட்டம் ஒரே மட்டத்தில் ஒட்டப்பட்டிருக்காது. தூண்களைச் சிறிதாக்கிக்கொண்டே போவது, நாற்காலிக் காலை அறுத்துச் சமப்படுத்தும் கதையாக முடியும். மேடையைத் தலைகீழாகக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து, தூண்களைத் தேவைக்கு மேல் அரை அங்குலம் நீளமாகவே ஒட்டி, காய்ந்தபின் நிமிர்த்தி, தரையில் தூண் இறங்குமிடங்களில் துளையிட்டு உள்ளே இறக்குங்கள். ரசமட்டத்தை மேடைமேல் வைத்து உயரத்தைச் சரிசெய்துகொண்டு, துளைகளில் பசை விட்டால் மட்டமும் கிடைக்கும், உறுதியும் கிடைக்கும். கொட்டகைக்கும் மேடைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி தெரிந்தால், அடியில் ஒரு குச்சியைச் சட்டமாக ஒட்டிவிடலாம்.

அறிகுறி: தூண்கள் நட்டுவைத்த பென்சில்கள் போல் இருக்கின்றன

துறைமுக மாதிரியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கொட்டகையை எவ்வளவு அழகாகக் கட்டினாலும், தண்ணீர் ஏறி இறங்கும் தடம் தூண்களில் இல்லாவிட்டால், அது வயல்வெளியில் கட்டிய கட்டடத்தைத் தூக்கிக்கொண்டுவந்து வைத்ததுபோல் நிற்கும்.

ராக்போர்ட் பகுதியில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயரம் ஏறத்தாழ 9 அடி. எச்ஓ அளவில் அது 31.5 மில்லிமீட்டர். கிட் தரும் தூண் மேடைக்குக் கீழே 25 மில்லிமீட்டர்தான் தெரிகிறதென்றால், வற்றம் காட்ட அது போதாது. ஏற்ற நேரத்தைக் காட்டுவதா வற்ற நேரத்தைக் காட்டுவதா என்பதை முதல் நாளே முடிவுசெய்யாததன் விளைவுதான் இந்த அறிகுறி. வற்றம் வேண்டுமென்றால் நீளமான குச்சிகளை வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். 12 அங்குலத் தூணுக்கு 3.5 மில்லிமீட்டர் உருண்டைக் குச்சி பொருந்தும். கடையில் வாங்கிய குச்சி வழவழப்பாக இருக்கும்; ரம்பப் பல்லால் நெடுக இழுத்து இழைகளை எழுப்பிவிட வேண்டும்.

பிறகு ஒரு மரக்கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கையாக ஒட்டி, அதன் முனை ஏற்ற மட்டத்தின் உயரத்தில் நிற்கும்படி அமைத்து, கட்டையைத் தரையோடு நகர்த்தி எல்லாத் தூண்களிலும் கல்சுவரிலும் ஒரே உயரத்தில் கோடு இழுங்கள். கடல் எந்தத் தூணுக்கும் சலுகை காட்டுவதில்லை. ஒரு தூணில் கறை மூன்று மில்லிமீட்டர் மேலே இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும். கோட்டுக்கு மேலே வெள்ளியோடிய சாம்பல் மரம். கோட்டை ஒட்டிக் கறுப்பான மெல்லிய பட்டை. அதற்குக் கீழே கொட்டலசுகள் (மரத்திலும் கல்லிலும் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்கள்) அப்பிய சாம்பல்வெள்ளைப் பட்டை. அதற்கும் கீழே, வற்றத்தில் மட்டும் வெளியே தெரியும் பகுதியில், பழுப்பு கலந்த ஆலிவ் நிறக் கடற்பாசி. பட்டைகள் ஒன்றிலொன்று கலந்து மங்க வேண்டும். நாடா கட்டியதுபோல் வெட்டி நிற்கக் கூடாது.

கொட்டலசுக்கு முதல் முறை கடுகளவு உருண்டைகளை ஒட்டினேன். ஒரு சென்டிமீட்டர் கொட்டலசு இந்த அளவில் பத்தில் ஒரு மில்லிமீட்டர். நான் ஒட்டியவை கால்பந்துகள். இப்போது சாம்பல்வெள்ளை அக்ரிலிக்கில் சலித்த மென்மணல் ஒரு சிட்டிகை கலந்து, மயிர் தேய்ந்த பழைய தூரிகையின் முனையால் ஒற்றி எடுக்கிறேன். விரலால் தடவினால் மட்டும் சொரசொரப்பு தெரிய வேண்டும்.

அறிகுறி: தண்ணீருக்கு ஊற்றிய ரெசின் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை

இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி ரெசின் தரும் தொல்லைகள் பல. முதலாவது பிசுபிசுப்பு. ஒரு நாள் கடந்தும் விரல் ஒட்டினால், கலவை விகிதம் பிசகியது அல்லது கிண்ணத்தின் ஓரத்தில் இருந்த பகுதி கலக்கப்படாமல் ஊற்றப்பட்டது. மேலே கடினமாக்கியை மட்டும் தனியாகத் தடவுவதால் எந்தப் பயனும் இல்லை. ஒட்டும் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியாக அளந்து, ஒரு கிண்ணத்தில் கலக்கி, பின் வேறொரு சுத்தமான கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கலக்கி, மெல்லிய அடுக்காக ஊற்ற வேண்டும். ஆனால் ரெசின் கெட்டியாகியும் மேலே எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தால் அது வேறு விஷயம். ஈரக்காற்றில் எப்பாக்ஸி வெளித்தள்ளும் படலம் அது. சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் துடைத்தால் போய்விடும்.

இரண்டாவது, ரெசின் தூணைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி, ஒவ்வொரு தூணைச் சுற்றியும் கண்ணாடிப் பாவாடை கட்டியதுபோல் நிற்பது. சொரசொரப்பான, வார்னிஷ் இல்லாத மரம் ரெசினை உறிஞ்சி ஏற்றிவிடுகிறது. ஊற்றும் முன் தூண்களின் அடிப்பகுதிக்கு அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கை கொடுத்தால் ஏற்றம் குறையும். ஏறிக் காய்ந்துவிட்டதென்றால், அந்த இடத்துக்கு மட்டும் நுண்தூரிகையால் மேட் வார்னிஷ் பூசி மினுமினுப்பைக் கொன்றுவிடலாம். ஈரத் தூணாகவே அது தோன்றிவிடும்.

மூன்றாவது குமிழி. கலக்கும்போது புகுந்த காற்றைவிட, அடியிலிருக்கும் பிளாஸ்டரும் மரமும் வெளிவிடும் காற்றுதான் அதிகம். தரை முழுவதையும் முன்பே வார்னிஷால் அடைக்க வேண்டும். ஊற்றியபின் முதல் சில நிமிடங்களில் உறிஞ்சுகுழலால் மெல்ல ஊதினாலே மேலே வந்த குமிழிகள் உடையும்.

நான்காவது, அடுத்த அடுக்குக்குப் பொறுமையில்லாமல் ஒரேயடியாகக் கனமாக ஊற்றுவது. ரெசின் கெட்டியாகும்போது வெளிவிடும் வெப்பம் அடியிலுள்ள தெர்மாக்கோலைச் சுருங்கவைத்துத் தரையையே தூக்கிவிடும். ஓர் அடுக்குக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஃபைபர் வேலைக்கு விற்கும் பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மாக்கோலின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அது தெர்மாக்கோலை அப்படியே கரைத்துவிடும். எந்த ரெசினானாலும் கையுறையும் திறந்த ஜன்னலும் வேண்டும்.

தண்ணீர் நீச்சல்குளம்போல் நீலமாக இருக்கிறதென்றால், குறை ரெசினில் இல்லை, அடியில் பூசிய வண்ணத்தில் இருக்கிறது. துறைமுகத் தண்ணீர் கலங்கிய கரும்பச்சை. மேலே ஆலிவ் பச்சையில் துளி கறுப்புச் சேர்த்துக் கலக்கிய ஓர் அடுக்கை ஊற்றினால் அடி மறைந்துவிடும்.

அறிகுறி: கயிறுகளில் பஞ்சு பறக்கிறது, மிதவைகள் பலூன் போல் இருக்கின்றன, பெயர்ப்பலகை ஒட்டுச்சீட்டுப் போல் இருக்கிறது

மோட்டிஃப் நம்பர் 1 கொட்டகையின் சுவரில் சிங்கி இறால் பொறிகளுக்கான மிதவைகள் வரிசையாகத் தொங்குவது அதன் அடையாளம் என்பதால், கிட்டை நம் விருப்பப்படி மாற்றியமைப்போர் எல்லோரும் இங்கே வந்து சேர்கிறார்கள். 11 அங்குல மிதவை எச்ஓவில் 3 மில்லிமீட்டர் சொச்சம். பல்குத்தியின் கூர்முனையிலிருந்து அந்த நீளத்தை மட்டும் வெட்டி, முனையை உப்புத்தாளில் உருட்டி மழுக்கி, இரண்டு நிறம் தீட்டினால் போதும். வெட்டும் முன்பே வண்ணம் தீட்டிவிடுவது கைக்கு எளிது. ஒவ்வொரு மீனவருக்கும் தனி வண்ண அடையாளம் உண்டு. ஆகவே ஒரே சுவரில் பல நிறங்கள் கலந்து தொங்குவதில் தவறில்லை, ஆனால் வண்ணங்கள் மங்கியிருக்க வேண்டும்.

நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மேல் இழுத்துவிட்டால் பஞ்சு அடங்கும். தொங்கும் கயிறு வளையாமல் விறைத்து நின்றால், நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்து, முனையில் இடுக்கியைத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். பெயர்ப்பலகைக்குத் தாளில் அச்சிட்ட எழுத்தைத் தலைகீழாகக் கிடத்தி, பின்புறத்தை மென்மையான உப்புத்தாளால் தாள் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நீர்த்த பசையால் ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே நகத்தால் சுவர்ப்பலகைகளின் வரிகளுக்குள் அழுத்திவிட்டால், எழுத்து மரத்தின் மேலேயே தீட்டியதுபோல் உட்கார்ந்துவிடும். விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால், சுவருக்குப் பூசிய அதே சிவப்பை ஒற்றைமயிர்த் தூரிகையால் ஒரு சுற்று இழுத்துவிடுங்கள்.